மாத்திரை இல்லாத நாற்பது நாள்

அத்தியாயம் 14

அன்றைக்குச் சாறு மிக நன்றாக வந்திருந்தது. பிறகு நினைக்கும்போதெல்லாம் வேலுத்தாய்க்கு அதுதான் ஆறவில்லை.

காலை ஐந்து மணிக்கு எழுந்து தண்ணீரைக் கொதிக்க வைத்தாள். இறக்கி வைத்து, கொதி அடங்கும் வரை பொறுத்தாள். பிறகு ஒரு சிட்டிகை பச்சைத் தேயிலையைப் போட்டுத் தட்டால் மூடி, நூறு வரை எண்ணிவிட்டு வடிகட்டினாள். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் கசக்கும். கூடுதல் நேரம் ஊறினாலும் கசக்கும். இந்த இரண்டையும் கற்றுக்கொள்ள அவளுக்கு ஒரு வாரம் ஆகியிருந்தது.

தேயிலைத் தண்ணீர் ஆறுவதற்குள் நாத்தனார் சொர்ணத்தாய் வெள்ளரிப் பிஞ்சைத் தோல் சீவி, மல்லித்தழையை மண் போக மூன்று தண்ணீரில் அலசி, ஒரு நெல்லிக்காயைக் கொட்டை நீக்கி நறுக்கி வைத்தாள். கூட ஒரு வாழைப்பழம், ஒரு கரண்டி தயிர். உப்பு கிடையாது, சீனி கிடையாது. எல்லாவற்றையும் மிக்ஸியில் போட்டு, ஆறிய தண்ணீரை ஊற்றி, மூடியை உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு வேலுத்தாய் சுவிட்சைத் திருகினாள். அந்தத் தெருவில் பாதிப் பேர் இப்போதெல்லாம் அந்தச் சத்தத்தில்தான் எழுந்திருக்கிறார்கள்.

அவள் புருஷன் சங்கிலிப்பாண்டி காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே வந்து, நின்றபடி ஒரே மூச்சில் குடித்தார்.

"இன்னைக்குப் பதமா இருக்கு," என்றார்.

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வருவது லேசில்லை. வேலுத்தாய்க்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பி, "தலைவலித் தைலம் தீந்துபோச்சு. ஒண்ணு வாங்கி வையி," என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தார். அவர் ஓட்டுகிற முதல் பஸ் ஐந்தே முக்காலுக்கு.

ஆடி கடைசியில் பஸ் ஸ்டாண்டில் அவர் மயங்கி விழுந்ததும், டாக்டர் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு ரத்தக் கொதிப்பு என்று சொன்னதும் இந்தக் கதையை விடாமல் படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை காபி குடித்த மனிதர். காபியை நிறுத்தினார்கள், கருவாட்டை நிறுத்தினார்கள், ஊறுகாய் ஜாடி பரணுக்குப் போனது. தினம் ஒரு மாத்திரை.

ஆவணியில் வேலுத்தாயின் தம்பி சண்முகராஜ் வந்தான். குன்னூருக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் சூப்பர்வைசர். அங்கே தேயிலையைக் கறுக்க விடாமல் ஆவியில் வாட்டிக் காயவைத்து ஏற்றுமதி செய்கிறார்களாம். அதில் ஒரு துணிப்பை நிறையக் கொண்டுவந்திருந்தான். பாலும் சீனியும் சேர்க்காமல் குடித்தால் உடம்புக்கு நல்லது என்றான். முதல் நாள் வேலுத்தாய் அதைக் காபி டிகாஷன் மாதிரி கொதிக்க வைத்துக் கொடுக்க, சங்கிலிப்பாண்டி முற்றத்தில் போய்த் துப்பிவிட்டு வந்தார். அதற்குப் பிறகுதான் அவளுக்கு மிக்ஸி ஞாபகம் வந்தது.

மிக்ஸி சொர்ணத்தாயினுடையது. கல்யாணச் சீராக வாங்கிக் கொடுத்தது. அவள் வாழப்போன குளத்தூர் வீட்டுக்குக் கரண்டு இன்னும் வரவில்லை. அதனால் பெட்டி பிரிக்காமலே கிடந்து, ஆடிக்கு அழைத்து வந்தபோது அவளோடு திரும்பி வந்தது. ஆடிக்கு வந்தவள் ஐப்பசி ஆகியும் போகவில்லை. அவள் புருஷன் கண்ணுசாமியும் கூப்பிட வரவில்லை. என்னவென்று அண்ணன் கேட்கவில்லை. அண்ணன் கேட்காததை நாம் எப்படிக் கேட்பது என்று வேலுத்தாயும் கேட்கவில்லை.

ஆனால் அந்த மிக்ஸியால் அவளுக்குத் தெருவில் ஒரு பெயர் வந்தது. சங்கிலிப்பாண்டியின் தொந்தி குறைந்தது, நடை லேசானது. பார்த்தவர்கள் கேட்டார்கள். தீப்பெட்டிக்குக் குச்சி அடுக்கிக்கொண்டிருக்கும் பெண்கள் பதினொரு மணி வாக்கில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "எங்களுக்கும் சொல்லிக் குடுங்க," என்று நின்றார்கள். வேலுத்தாயும் சொல்லிக் கொடுத்தாள். கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருப்பாள்.

பத்து மணிக்குத் தைலம் வாங்கக் கிளம்பினாள். முந்தின நாள் மழை பெய்து தெரு சொதசொதவென்று கிடந்தது. கரிசல் மண் செருப்பில் அப்பி, கடைக்குப் போய்ச் சேரும்போது ஒவ்வொரு காலும் ஒரு படிக்கல் கனம் கனத்தது.

மருந்துக்கடை ஜஹாங்கீர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "வாங்க மதினி. அண்ணாச்சி நல்லா இருக்காவளா?" என்றார்.

"நல்லா இருக்காவ பாய். ஒரு தைலம் குடுங்க."

அவர் தைலத்தை எடுத்துக் காகிதத்தில் சுற்றினார். சுற்றிக்கொண்டே கேட்டார். "அண்ணாச்சிக்கு ரூட்டை மாத்திட்டாவளோ?"

"இல்லையே. அதே சங்கரன்கோவில் ரூட்டுதான்."

"கடைப் பக்கமே காணுமேன்னு கேட்டேன். பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா வந்து பிரஷர் மாத்திரை வாங்கிட்டுப் போவாவ. இப்ப நாப்பது நாளுக்கு மேல ஆவுது. வேற கடையில வாங்குதாவளா?"

வேலுத்தாய் கையை நீட்டியபடி நின்றாள்.

"ஆமா பாய்," என்றாள். "சங்கரன்கோவில்ல வாங்கிக்கிடுதாவ போல."

"எங்க வாங்கினா என்ன? விடாமச் சாப்பிட்டாச் சரி. அது நடுவுல நிப்பாட்டக் கூடாது, பாத்துக்கிடுங்க."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் சேறு அவளுக்குத் தெரியவில்லை. வேறு கடையில் வாங்கியிருப்பார் என்று தனக்கே சொல்லிக்கொண்டு நடந்தாள். பாதி வழியில் அந்தப் பேச்சு நின்றுவிட்டது. கையில் இருந்த தைலத்தைப் பார்த்தாள். போன வாரம்தான் ஒரு தைலம் வாங்கினாள். அதற்கு முந்தின வாரம் ஒன்று. தலைவலி இல்லாத மனுஷன் இவ்வளவு தைலத்தை என்ன செய்வார்?

சொர்ணத்தாய் முற்றத்தில் உட்கார்ந்து மிக்ஸி ஜாரைக் கழுவிக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வயது. குனிந்த தலை நிமிராமல் வேலை செய்கிற பெண்.

"ஏட்டி சொர்ணம். ஒங்க அண்ணன் மாத்திரை சாப்பிடுதாவளா, இல்லையா?"

ஜாருக்குள் இருந்த கை அப்படியே நின்றது.

அந்தக் கை நின்றதே போதும். வேலுத்தாய்க்குப் பதில் கிடைத்துவிட்டது. இருந்தாலும் கேட்டாள். "ஒனக்குத் தெரியுமா?"

"புரட்டாசி மொதல்ல ஒரு நா காலம்பற, அண்ணன் மாத்திரை அட்டையச் சாக்கடையில போட்டாவ. நான் பாத்துட்டேன். சாறு குடிக்கேன்லா, இது எதுக்குன்னாவ. ஒங்ககிட்ட சொல்ல வேண்டாம்னாவ."

"அவிய சொன்னா நீ வாய மூடிக்கிடுவியோ?"

"நான் எப்படி மதினி..." சொர்ணத்தாய் எழுந்து நின்றாள். ஈரக்கையைச் சேலையில் துடைத்தாள். "என்ன ஏதுன்னு ஒரு வார்த்த கேக்காம என்னைய வச்சிருக்காவ. அவிய ஒண்ணு சொல்லாதன்னு சொன்னா, அத எப்படி..."

அப்போதுதான் வேலுத்தாய் அந்த வார்த்தையைச் சொன்னாள். சொல்லவேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் சொல்லிவிட்டாள். சொல்லி முடித்ததும் சொர்ணத்தாயின் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்தாள். பார்த்துவிட்டும் நிற்காமல், மணியைப் பார்த்து, செருப்பைக்கூடக் கழுவாமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். அவர் வண்டி பதினொன்றே காலுக்கு வந்து பதினொன்றே முக்காலுக்குத் திரும்பப் போகும்.

வண்டி நின்றிருந்தது. பாதிக்கு மேல் ஆட்கள் ஏறிவிட்டார்கள். கழுகுமலைக்குப் போகிறவர்கள் பூவும் தேங்காயுமாக முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். கண்டக்டர் மாடக்கண்ணு கீழே நின்று ஊர்ப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி அருகில் வந்தான்.

"அக்கா, நீங்களே வந்துட்டீங்களா? நானே வந்து சொல்லணும்னு இருந்தேன்."

"என்ன?"

"நேத்துக் கழுகுமலை தாண்டி அண்ணாச்சி வண்டிய ஓரங்கட்டிட்டாவ. இஞ்சின்ல சத்தம் கேக்குன்னு ஆளுககிட்ட சொல்லிட்டு, கொஞ்ச நேரம் ஸ்டீரிங்ல தலையச் சாச்சுக்கிட்டு இருந்தாவ. இஞ்சின்ல ஒரு சத்தமும் இல்ல. நான் கேட்டதுக்கு, ரோடு ரெண்டாத் தெரியுதுலேன்னாவ. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு..."

அவன் முடிக்கவில்லை. சங்கிலிப்பாண்டி குழாயடியில் முகம் கழுவிவிட்டுத் துண்டால் துடைத்தபடி வந்துகொண்டிருந்தார்.

"நீ என்ன இங்கன?"

"மாத்திரை சாப்பிடலியாமே."

அவர் மாடக்கண்ணுவைப் பார்த்தார். அவன் நகர்ந்து வண்டியின் பின்பக்கம் போனான்.

"வீட்டுல பேசிக்கிடலாம்," என்றார்.

"இங்கனதான் பேசணும். வண்டிய எடுத்துட்டா எங்க பேச?"

"வேலு. ஆளு ஏறியாச்சு. இன்னும் அஞ்சு நிமிசத்துல எடுக்கணும்."

"நாப்பது நாளு. நாப்பது நாளும் நான் எதுக்க நின்னு சாறக் குடுத்துக்கிட்டு இருக்கேன். நீங்களும் வாங்கிக் குடிச்சுட்டுப் போறீங்க."

சங்கிலிப்பாண்டிக்குக் கோபம் வந்தது. அவருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். "நீதான சொன்ன? எதிர்வீட்டுச் சங்கரம்மாகிட்ட வாசல்ல நின்னு நீதான சொன்ன? இந்தச் சாறு வந்த பொறவு அவியளுக்கு மாத்திரைக்கு வேலையே இல்லன்னு. நான் உள்ள சட்டை மாட்டிக்கிட்டுத்தான் நின்னேன். என் காதுல விழத்தான செஞ்சுது."

வேலுத்தாய்க்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. சங்கரம்மாள் வாயைப் பிளந்து கேட்டதும், தனக்குள் ஒரு பெருமை பொங்கியதும் நினைவிருந்தது. சொன்னது அந்த வார்த்தையேதான். மறுக்க வழியில்லை.

"சொன்னேன்," என்றாள். "பெருமைக்குச் சொன்னேன். அது பொய். நான் என்ன டாக்டரா?"

அவர் எதிர்பார்த்த பதில் இதுவல்ல. துண்டைத் தோளில் போட்டார், எடுத்தார், திரும்பவும் போட்டார்.

அவள் ஒரு எட்டு நெருங்கி நின்றாள். வண்டிக்குள் இருப்பவர்களுக்குக் கேட்காதபடி சொன்னாள். "ரோடு ரெண்டாத் தெரிஞ்சா, எந்த ரோட்டுல போவீங்க?"

சங்கிலிப்பாண்டி வண்டியைப் பார்த்தார். முன் கண்ணாடி வழியாக, இஞ்சின் பெட்டியை ஒட்டிய சீட்டில் ஒரு பெண் மடியில் குழந்தையைப் போட்டு அதற்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். அவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மாடக்கண்ணு," என்று கூப்பிட்டார். "ஸ்பேர் டிரைவர் சோலைச்சாமி அங்கன டீ குடிச்சுக்கிட்டு நிக்கான். அவனை எடுக்கச் சொல்லு. எனக்கு வயித்து வலின்னு சொல்லு."

இருபத்தொரு வருஷத்தில், ஏற வேண்டிய வண்டியில் அவராக ஏறாமல் நின்றது அன்றைக்குத்தான். அது திரும்பி ரோட்டில் ஏறும்வரை நின்று பார்த்தார். பிறகு மனைவியின் பின்னால் நடந்தார்.

டாக்டர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். பாதரசம் ஏறி இறங்கியதைப் பார்த்துவிட்டு மறுபடி அடித்தார்.

"நூத்தித் தொண்ணூறுக்கு நூத்திப் பத்து," என்றார். "மாத்திரையை எப்ப நிறுத்தினீங்க?"

சங்கிலிப்பாண்டி சொன்னார்.

"யார் நிறுத்தச் சொன்னது?"

வேலுத்தாய் முந்திக்கொண்டாள். சாறு போட்ட கதையை முதலிலிருந்து சொன்னாள். தான் சங்கரம்மாளிடம் சொன்னதையும் விடாமல் சொன்னாள். டாக்டர் கடைசி வரைக்கும் கேட்டார். என்னென்ன சேர்க்கிறாள், உப்பு போடுகிறாளா, எத்தனை தடவை கொடுக்கிறாள் என்று விசாரித்தார்.

"ஒண்ணும் தப்பில்லம்மா. நல்ல சாறுதான். எடை குறைஞ்சிருக்கு, பாருங்க. காலையில மட்டும் குடுங்க, சாயங்காலம் வேண்டாம், தூக்கத்தைக் கெடுக்கும். ஆனா அது சாப்பாடு. மாத்திரை செய்யிற வேலையை அது செய்யாது. ரெண்டும் வேணும்." சங்கிலிப்பாண்டி பக்கம் திரும்பினார். "உங்க வீட்டம்மா ஒரு வார்த்தை சொன்னாங்கன்னா நிறுத்தினீங்க? என்கிட்ட வந்து கேக்கணும்னு தோணலையா?"

அவர் மேஜை மேல் இருந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ சொன்னது ஒரு சாக்குங்கய்யா," என்றார்.

வேலுத்தாய் நிமிர்ந்து பார்த்தாள்.

"வார திங்கக்கிழமை லைசென்ஸ் புதுப்பிக்கணும். சர்ட்டிபிகேட் குடுக்கிற டாக்டர், மாத்திரை எதுவும் சாப்பிடுதியான்னு கேப்பாவ. சாப்பிடுதேன்னு சொன்னா வேலை போயிரும். எங்க கம்பெனியில முப்பிடாதின்னு ஒருத்தன், எனக்கு மூத்தவன், அவனை அப்படித்தான் நிப்பாட்டுனாவ. சாப்பிடலன்னு பொய் சொல்லவும் எனக்கு வராது. அதான், நெசமாவே சாப்பிடாம இருந்துட்டா, பொய் சொல்ல வேண்டியதில்ல பாருங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்தார்.

"பொய் சொல்லக் கூடாதுன்னு அறுபது பேரை ஏத்திக்கிட்டு இந்தப் பிரஷரோட வண்டி ஓட்டியிருக்கீங்க."

அதற்குமேல் அவர் திட்டவில்லை. ஒரு மாத்திரையை அங்கேயே விழுங்க வைத்து, உள் அறைக் கட்டிலில் ஒன்றரை மணி நேரம் படுக்க வைத்து, மறுபடி பார்த்தார். கொஞ்சம் இறங்கியிருந்தது. மூன்று வாரம் வண்டி தொடக் கூடாது, தினமும் வந்து காட்ட வேண்டும் என்று சீட்டு எழுதினார். "கட்டுப்பாட்டுல இருந்தா ஓட்டலாம். மாத்திரை சாப்பிடுறது குத்தம் இல்ல. அதை நானே எழுதித் தாரேன், மூணு வாரம் கழிச்சு. இப்ப எழுத மாட்டேன். லைசென்ஸ் அதுவரைக்கும் பொறுக்கட்டும்."

வெளியே வந்ததும் வேலுத்தாய் கேட்டாள். "ஆபீசுல என்ன சொல்லப் போறீங்க? வயித்து வலின்னா?"

"மூணு வாரம் வயித்து வலியா?" என்றார் அவர். கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "நானே சொல்லுதேன். நீ வெளிய நில்லு," என்றார்.

கம்பெனி ஆபீஸ் பெட்ரோல் பங்கை அடுத்த ஷெட்டுக்குள் இருந்தது. வேலுத்தாய் பழைய டயர்கள் அடுக்கியிருந்த இடத்தில் நின்றாள். உள்ளே பேசுவது கேட்கவில்லை. ஜன்னல் வழியாக அவர் முதுகு மட்டும் தெரிந்தது. முதலில் நின்றுகொண்டிருந்தார். பிறகு மேனேஜர் கையைக் காட்ட, நாற்காலியில் உட்கார்ந்தார். டாக்டர் சீட்டு இரண்டு கை மாறியது. வேலை போய்விட்டால் என்ன செய்வது என்று அவள் ஒரு கணக்கும் போடவில்லை. ரோட்டில் சங்கரன்கோவில் பக்கமிருந்து ஒவ்வொரு வண்டியாக வந்தபோது, அது நேராக வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அரை மணி நேரம் கழித்து வந்தார்.

"மூணு வாரம் ஷெட்டுல இருக்கச் சொல்லுதாவ. டயர், ஆயில் எல்லாம் பாத்துக்கிடணும். பொறவு டாக்டர் என்ன எழுதுதாவன்னு பாத்துட்டுப் பேசலாம்னாவ."

"பேசலாம்னா?"

"பேசலாம்னாவ. அதுக்கு மேல நான் கேக்கல."

"முப்பிடாதி அண்ணாச்சி மாதிரி..."

"தெரியல, வேலு." அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். "நேத்து வண்டிய ஓரங்கட்டுனதையும் சொல்லிட்டேன். அவருக்கு அதுதான் பிடிக்கல. ஆனா சொல்லிட்டேன். சொன்ன பொறவு நெஞ்சுக்குக் கொஞ்சம் லேசாத்தான் இருக்கு."

இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். அவர் முகத்தில் கோபம் இருக்கிறதா என்று வேலுத்தாய் இரண்டு தடவை பார்த்தாள். கோபம் இல்லை, அசதிதான் இருந்தது. நாற்பத்தைந்து வயதுக்கு அவர் அன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெரிந்தார். தானும் அப்படித்தான் தெரிவோம் என்று நினைத்துக்கொண்டாள். சங்கரம்மாளையும் மற்றவர்களையும் கூப்பிட்டு, சொன்னதை மாற்றிச் சொல்ல வேண்டும். நாளைக்கே சொல்ல வேண்டும். தெரு சிரிக்கும். சிரிக்கட்டும்.

வீடு பூட்டியிருந்தது.

எதிர்வீட்டிலிருந்து சங்கரம்மாள் சாவியோடு வந்தாள். "சொர்ணம் குடுத்துட்டுப் போச்சு. ரெண்டு பேரும் எங்க போயிட்டீங்க? அதுவும் ஒரு மாதிரியா இருந்துச்சு. என்னன்னு கேட்டா ஒண்ணும் சொல்லல."

"எங்க போனா?" என்றார் சங்கிலிப்பாண்டி.

"குளத்தூருக்குன்னுச்சு. பன்னெண்டரை வண்டிக்கு."

வேலுத்தாய் சாவியை வாங்கிக் கதவைத் திறந்தாள். வீடு கூட்டிப் பெருக்கியிருந்தது. சோறு வடித்து மூடி வைத்திருந்தது. குழம்பு, உப்புப் போடாமல் அவருக்குத் தனியாக ஒரு கிண்ணத்தில். மிக்ஸி கழுவித் துடைத்து அலமாரியில் இருந்தது. சொர்ணத்தாயின் சேலைகள் கொடியில் வரிசையாகத் தொங்கின. வேலுத்தாய் எண்ணிப் பார்த்தாள். உடுத்தியிருந்த ஒன்றைத் தவிர எல்லாம் அங்கேயே இருந்தன. டிரங்குப் பெட்டி அசையவில்லை.

சங்கிலிப்பாண்டியும் அந்தக் கொடியைப் பார்த்தார்.

"வாழப் போறவ சேலை எடுக்காமப் போவாளா?" என்றார்.

பிறகு மனைவியின் பக்கம் திரும்பினார். "காலையில அவகிட்ட என்ன சொன்ன?"

வேலுத்தாய் சாவியை ஆணியில் மாட்டினாள். கோபத்தில் ரெண்டு வார்த்தை சத்தம் போட்டேன் என்று சொல்லலாம். அதுவும் உண்மைதான். அவர் அதோடு விட்டுவிடுவார். அவரை இன்றைக்கு எத்தனை பேர் முன்னால் உண்மை சொல்ல வைத்தாள் என்று நினைத்துப் பார்த்தாள். பிறகு, காலையில் சொன்னதை ஒரு எழுத்தும் மாற்றாமல் சொன்னாள்.

"புருசன் வீட்டுலயும் இப்படித்தான் எதையாவது மறைச்சுட்டு, அவிய வெரட்டிவிட வந்தியோன்னு கேட்டேன்."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். வேலுத்தாய் பதறி அருகில் போனாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மயக்கம் இல்ல. சும்மா இரு."

எதிர்வீட்டு ரேடியோவில் விவசாயிகளுக்கு மழை எவ்வளவு பெய்தது என்று படித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆடியில வந்தப்ப அவ கையில, முழங்கைக்கு மேல, சூடு பட்ட தழும்பு ஒண்ணு இருந்துச்சு," என்றார். "அடுப்புல பட்டுட்டுன்னா. அடுப்புல பட்டா அந்த எடத்துல படாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கேக்கல. கேட்டா, பொறவு நான் ஏதாவது செய்யணும்லா. அதான் கேக்கல."

வேலுத்தாய் வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்று மாதமாக அந்தப் பெண் முழுக்கை ரவிக்கையே போட்டுக்கொண்டிருந்தது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அவர் காக்கிச் சட்டையைக் கழற்றிவிட்டு, ஆணியில் தொங்கிய வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டினார். கடிகாரத்தைப் பார்த்தார். இருபத்தொரு வருஷமாக எந்த ஊருக்கு எந்த வண்டி என்று யாரையும் கேட்டதில்லை.

"எட்டயபுரம், விளாத்திகுளம் வழியா குளத்தூருக்கு நாலே முக்காலுக்கு ஒரு வண்டி இருக்கு. கெளம்பு."

"டாக்டர் வண்டியத் தொடக் கூடாதுன்னாவளே. நான் மட்டும் போயிட்டு வாரேன். நான் சொன்னதுக்கு நான்தான போய் மன்னிப்பு கேக்கணும்."

"ஓட்டத்தான கூடாதுன்னாவ. ஒக்காந்து வரலாம்லா."

டாக்டர் கொடுத்த மாத்திரை அட்டையை அவள் சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகினாள். கொடியிலிருந்து ஒரு சேலையை உருவி மடித்து எடுத்துக்கொண்டாள். எதற்கென்று அவர் கேட்கவில்லை.

பஸ் ஸ்டாண்டில் வண்டி கிளம்பத் தயாராக நின்றது. டிரைவர் தெரிந்தவர், முன்னால் வந்து உட்காரச் சொன்னார். சங்கிலிப்பாண்டி வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டு, பின்னால் மூன்றாவது சீட்டில் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வண்டி நகர்ந்ததும் அவருடைய வலது கால் தானாக ஒரு முறை தரையை அமுக்கியது. வேலுத்தாய் அதைப் பார்த்தும் பார்க்காதது போல ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

ஊர் தாண்டியது. மழைத் தண்ணீர் நின்ற கரிசல் காடு இரண்டு பக்கமும் கறுப்பாகக் கிடந்தது.

"வர மாட்டேன்னு சொல்லிட்டா?" என்றாள்.

"சொல்லட்டும். என்ன நடந்துச்சுன்னு கேப்போம். அவ சொல்லுத வரைக்கும் அங்கனயே இருப்போம்."

"கண்ணுசாமி வாசல்ல நின்னு, உள்ள விட மாட்டேன்னா?"

அவர் மனசுக்குள் நேரத்தைக் கணக்குப் போட்டார். பன்னிரண்டரை வண்டி இரண்டே காலுக்கெல்லாம் குளத்தூர் போய்ச் சேர்ந்திருக்கும். இவர்கள் போகும்போது ஆறரை ஆகும். நடுவில் நாலு மணி நேரத்துக்கு மேல் சொர்ணத்தாய் அங்கே தனியாக இருப்பாள்.